பெருவழியும் பேணும் கடமையும்

காஞ்சிபுரத்திலிருந்து தெற்கே வந்தவாசியை நோக்கிச் செல்லும் சாலையில், செய்யாற்றை ஒட்டி அமைந்த பெருநகர், பிரம்மபுரீஸ்வரர் கோயிலாலும், தைப்பூசத்தன்று சுற்றுவட்டாரத்து ஊர்களின் உற்சவ மூர்த்திகள் ஆற்றங்கரையில் ஒருங்கே எழுந்தருளும் திருவிழாவாலும் தொண்டை மண்டலத்தில் பெயர் பெற்ற ஊராகும். அந்த ஒரு நாளில் மட்டுமன்றி ஆண்டு முழுவதும், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களையும், பட்டுப் பாவும் ஊடையும் சுமந்து காஞ்சிக்குப் போய்வரும் நெசவாளர்களையும், பள்ளிப் பிள்ளைகளையும், செய்யாறு சிப்காட்டுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் பேருந்துகளையும் தாங்கிக் கிடப்பது இச்சாலையே. இதைப் போட்டவர் யார், போட்டபின் பேணுகிறவர் யார், பழுதுபட்டால் எவரிடம் போய் முறையிடுவது என்னும் வினாவுக்கு இந்நாட்டில் ஆயிரம் ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வந்த விடைகள் பல. அவை ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. அவ்விடைகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், ராஜாங்கம் என்பது தன் கடமையாக எதை ஏற்றது, எதை நெடுங்காலம் ஏற்காமல் ஒதுக்கியது என்பதும் உடன் விளங்கும்.

பெருநகருக்கு அண்மையிலேயே இருக்கும் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் வெட்டுவிக்கப்பட்ட இரு கல்வெட்டுகளைத் தமிழறிந்தோர் யாவரும் அறிவர். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, குடத்தில் ஓலையிட்டு, அறியாப் பாலகன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு 360 நாள் பொறுப்புடையோரைத் தேர்ந்தெடுத்த முறையை நாம் பெருமையோடு எடுத்துரைக்கிறோம். தேர்தல் முறையைப் புகழும் நாம், அதே கல்லில் உள்ள வேறொரு விதியை அவ்வளவாக நினைவுகூர்வதில்லை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழப்பர் என்பதே அவ்விதி. பொதுப் பொருளைக் கையாண்டவன் கணக்கைக் காட்டியே தீரவேண்டும் என்று சுவரிலே பொறித்துவைத்த அச்சபை, ஊரின் வழிகளையும் தன் பார்வையில் வைத்திருந்தது. தடிவழி வாரியம் என்னும் ஒரு குழு உத்திரமேரூர்ச் சாசனங்களில் காணப்படுகிறது. வயல் தடிகளையும் வழிகளையும் மேற்பார்த்த குழு என்று அதற்குப் பொருள் கூறுவர். நீர் பாய்ந்து கெட்டு, மாடுகூட நடக்க மாட்டாதபடி ஆகிவிட்ட வழியொன்றை அகலப்படுத்துவதற்காகக் குடிகளிடமிருந்து நிலம் வாங்க இச்சபை தீர்மானித்த செய்தியையும் சாசன ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். சாலைக்காக நிலம் எடுக்கும் இன்றைய வழக்கத்தின் முன்னோடி, இவ்வாறு, நம் வட்டாரத்துக் கோயிற் சுவரிலேயே இருக்கிறது.

ஊருக்குள் ஓடும் வழி சபையைச் சேர்ந்தது என்றால், நாடு விட்டு நாடு செல்லும் பெருவழி அரசனின் பெயரைத் தாங்கி நின்றது. கோயம்புத்தூருக்கு மேற்கே, பாலக்காட்டுக் கணவாயை நோக்கும் மலைச்சரிவில், இராசகேசரிப் பெருவழி என்று பெயர் பொறித்த கல்வெட்டு ஒன்று தமிழிலும் வட்டெழுத்திலும் இருக்கிறது. தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கல் இதைவிடவும் மனத்தைக் கவர்வது. நாவற்றாவளம் என்னும் ஊருக்கு இன்னும் 29 காதம் என்று அதில் எழுத்தாலும் எண்ணாலும் பொறித்ததோடு நில்லாமல், கல்லின் கீழ்ப்புறத்தில் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் தோண்டி வைத்திருக்கிறார்கள். எழுத்தறியாத வண்டிக்காரன் ஒருவன் அந்தி நேரத்தில் அக்கல்லருகே வந்து, குழிகளை விரலால் தடவிப் பார்த்தே தூரத்தை அறிந்துகொள்ளலாம். வழிச்செல்வோன் யாவன், அவனுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதையெல்லாம் எண்ணிப் பார்த்த ஓர் ஆட்சி நடந்தது என்பதற்கு, மெய்க்கீர்த்திகள் பலவற்றினும் இக்கல் எனக்கு நம்பத்தக்க சாட்சியாகத் தோன்றுகிறது.

ஆயினும், பெருவழி நெடுகிலும் வழிப்போக்கனுக்குக் கிடைத்த சௌகரியங்களில் பெரும்பகுதி அரசன் செய்தது அன்று. தனியார் தர்மத்தால் விளைந்தது. சத்திரம் கட்டியவர், தண்ணீர்ப் பந்தல் வைத்தவர், குளம் வெட்டியவர், புளியும் ஆலும் நட்டவர் என்று புண்ணியம் வேண்டிச் செய்தோரின் வரிசை நீண்டது. இரண்டு கற்களை நிறுத்தி அவற்றின்மேல் ஒரு பலகைக் கல்லைக் கிடத்திய சுமைதாங்கி, தலைச்சுமையோடு வருகிறவன் பிறர் உதவியின்றித் தானே சுமையை இறக்கவும், மீண்டும் தானே ஏற்றிக்கொள்ளவும் ஏற்ற உயரத்தில் அமைக்கப்பட்டது. வயிற்றில் பிள்ளையோடு மாண்டுபோன பெண்ணின் நினைவாக அதை நாட்டுவது வழக்கம். அவள் இறக்கி வைக்க இயலாமற்போன சுமையை எண்ணி, ஊரார் பிறருடைய சுமைக்கு ஓர் இடம் செய்து கொடுத்தனர். இத்தகைய அறம் ஒரு சமூகத்தின் பெருமையே என்பதில் எனக்கு ஐயம் சிறிதும் இல்லை. எனினும் சத்திரத்துக்கு மானியம் எழுதிவைத்தவர் பலர் இருக்க, சாலையின் பள்ளத்தைத் தூர்ப்பதற்கு மானியம் எழுதிவைத்தவர் அரியர். நிழலுக்கும் நீருக்கும் புண்ணியம் உண்டு. ஆண்டுதோறும் மழைக்குப்பின் மண் கொட்டி மேடாக்கும் வேலைக்கு அத்தகைய பெயரோ புகழோ கிடைப்பதில்லை. தர்மத்தால் முடியாத இந்த வேலையைச் செய்யத்தான் அரசாங்கம் வேண்டியிருக்கிறது.

வழிப்போக்கரிடம் சுங்கம் வாங்கும் வழக்கமும் பழையதே. முதலாம் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று போற்றப்பட்டான் என்றால், அச்சுங்கம் எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும் என்பதை ஊகிக்கலாம்.

கும்பினியார் காலத்துக்கு வருவோம். 1760 ஜனவரி 22ஆம் நாள் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் பொருதிய போரை முன்னிட்டு, காஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட இந்நிலப்பரப்பில் இரு தரப்புச் சேனைகளும் மாறி மாறி நடந்தன. மூன்றாண்டு கழித்து, 1763இல், செங்கல்பட்டுச் சீமையை ஆற்காட்டு நவாபு முகம்மது அலி கும்பினிக்கு ஜாகீராக ஈந்தார். பீரங்கி வண்டிகள் போக வேண்டிய வழி எதுவோ அதுவே கும்பினியாருக்குச் சாலையாக இருந்தது. குடியானவன் தன் நெல்லைச் சந்தைக்குக் கொண்டுபோகும் வழியைப் பற்றிய கவலை அவர்களுக்கு வெகுகாலம் ஏற்படவில்லை. ஏரிகளையும் வழிகளையும் பழுதுபார்க்கும் மராமத்து வேலை வருவாய் அதிகாரிகளின் கையில், நிலவரி வசூலுக்கு வாலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்தர் காட்டன் 1854இல் வெளியிட்ட தம் நூலில், பொது மராமத்தை அலட்சியம் செய்வதால் நாடு இழப்பது எவ்வளவு என்று கடுமையாக எடுத்துக் கூறினார். டல்ஹவுசி பிரபுவின் காலத்தில்தான் மராமத்துக்கென்று தனி இலாகா தோன்றியது. அது காலூன்றுவதற்குள் இருப்புப் பாதை வந்துவிட்டது. ராஜாங்கத்தின் மனமும் பணமும் ரயிலின் பின்னே போயின.

அவ்வாறு கைவிடப்பட்ட சாலைகளை ஏற்றுக்கொள்ளும்படி விதிக்கப்பட்டவர்கள் அந்தந்த ஜில்லாவின் ஜனங்களே. சென்னை மாகாணத்தில் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலத்தீர்வையோடு சாலை வரி ஒன்று சேர்க்கப்பட்டது. 1871இல் ஸ்தல நிதிச் சட்டமும், 1884இல் ஸ்தல ஸ்தாபனச் சட்டமும் வந்து, ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்ற அமைப்புகள் நிலைபெற்றன. தீர்வையில் ரூபாய்க்கு இவ்வளவு என்று வாங்கிய வரியும், சாலையின் குறுக்கே மரத்தடி போட்டு நிறுத்தி வண்டிக்காரரிடம் வாங்கிய சுங்கமும் அவற்றின் முதல். இன்று நாம் குறைகூறத் துணியும் அந்தப் போர்டுகளுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பணம் சொற்பமாயினும், அது எங்கிருந்து வருகிறது, எந்தச் சாலைக்குப் போகிறது என்பது அங்கத்தினர் அனைவருக்கும் தெரிந்திருந்தது. சாலை கெட்டால் போர்டு மெம்பரின் வீட்டுத் திண்ணைக்குப் போய்க் கேட்கலாம்.

அக்காலத்துக் கப்பி ரோடு எப்படி உருவாயிற்று என்பதை இன்றைய இளைஞர் கண்டிரார். குன்றிலிருந்து வண்டிகளில் வந்த கருங்கல்லைச் சாலையோரத்தில் குவித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சிறு சுத்தியலால் அடித்து முட்டையளவு கப்பியாக உடைப்பார்கள். மேஸ்திரி, அடிப்பாகம் இல்லாத மரப்பெட்டியை வைத்து அதைப் பெட்டிக் கணக்கில் அளந்து கூலி எழுதுவார். அளந்த கப்பியைப் பரப்பி, மேலே செம்மண் இட்டு, நீர் தெளித்து, உருளை ஓட்டி இறுக்குவார்கள். அடுத்த கோடைக்குள் மாட்டுவண்டியின் ஒடுங்கிய இரும்புப் பட்டை இரண்டு பக்கமும் ஆழமான தடம் பதித்துவிடும். அடுத்த மழை அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கிவிடும். மறுபடியும் கப்பி, மறுபடியும் செம்மண். பெரும்பாலான வழிகள் ஏரிக்கரைகளின் மேலும் ஓரங்களிலும் ஓடும் நம் ஜில்லாவில், கலங்கல் வழிந்தால் சாலையும் உடன் போகும். சாலைக்குப் பகை வண்டியைக் காட்டிலும் தண்ணீரே என்பதை அந்த மேஸ்திரிகள் படிக்காமலே அறிந்திருந்தனர்.

மோட்டார் பஸ் வந்தபின் ஜில்லா போர்டின் தோள் இச்சுமைக்குப் போதாது என்பது வெளியாயிற்று. காற்றடைத்த சக்கரம் வேகமாகச் சுழன்று செம்மண்ணை உறிஞ்சிப் புழுதியாக எறிந்துவிட, கப்பிகள் பல்லிளித்தன. 1927இல் இந்திய சர்க்கார், ஜெயகர் தலைமையில் ஒரு குழுவை நியமித்தது. மறு ஆண்டு அக்குழு தந்த அறிக்கையில், சாலை அபிவிருத்தி மாகாணங்களின் சக்திக்கும் ஸ்தல ஸ்தாபனங்களின் சக்திக்கும் மீறிவிட்டது, நாடு தழுவிய சாலைகளின் பாரத்தை மத்திய சர்க்காரும் ஏற்க வேண்டும் என்று துணிந்து கூறியது. அதன் பயனாக 1929இல் பெட்ரோல் காலனுக்கு 2 அணா கூடுதல் வரி விதித்து, மத்திய சாலை நிதி ஒன்று ஏற்பட்டது. சாலையைப் பயன்படுத்துகிறவன் எரிக்கும் எண்ணெயிலிருந்தே சாலைக்குப் பணம் என்னும் இந்த நியாயம் நேர்மையானது. சென்னை மாகாணம் 1931இல் மோட்டார் வாகன வரிச் சட்டத்தைக் கொண்டுவந்து, ஸ்தல ஸ்தாபனங்கள் வசூலித்த சுங்கத்தை ஒழித்து, அதற்கு ஈடாக அவற்றுக்குத் தொகை கொடுக்க முற்பட்டது. குறுக்கு மரங்கள் அகன்றன. ஓர் அறுபது ஆண்டுக் காலம் தமிழ்நாட்டு வழிப்போக்கன் பெரும்பாலும் தடையின்றிப் போனான்.

1943 டிசம்பரில், உலக யுத்தம் இன்னும் முடியாதிருக்கையில், மாகாணங்களின் தலைமைப் பொறியாளர்கள் நாகபுரியில் கூடி வகுத்த திட்டமே இன்றைய சாலைகளின் குலமுறையை நிர்ணயித்தது. தேசிய நெடுஞ்சாலை, மாகாண நெடுஞ்சாலை, ஜில்லா சாலை, கிராமச் சாலை என்று அவர்கள் வகுத்த பிரிவு, சாலைகளின் அகலத்தைக் குறித்ததைவிடச் செலவை யார் ஏற்பது என்பதையே முக்கியமாகக் குறித்தது. அதன்படி 1947 ஏப்ரல் 1ஆம் நாள், சுதந்திரத்துக்கு நாலரை மாதம் முன்னதாகவே, தேசிய நெடுஞ்சாலைகளின் செலவை மத்திய சர்க்கார் ஏற்றது. அரசியல் சாசனம் ஏழாம் அட்டவணையில், பார்லிமெண்டு தேசிய நெடுஞ்சாலை என அறிவிப்பவற்றை மத்தியப் பட்டியலிலும், ஏனைய சாலைகளையும் பாலங்களையும் மாநிலப் பட்டியலிலும் வைத்தது. பின்னர் 1956இல் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் நிறைவேறி, 1957 ஏப்ரல் 15 முதல் அமலுக்கு வந்தது.

இச்சட்டத்தின் ஐந்தாம் பிரிவை ஒவ்வொரு குடிமகனும் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலைகள் யாவற்றையும் அபிவிருத்தி செய்வதும், செவ்விய நிலையில் பராமரிப்பதும் மத்திய அரசின் பொறுப்பு என்று அது ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. அவ்வேலையை மாநில அரசைக் கொண்டும் செய்விக்கலாம் என்று அப்பிரிவே இடம் தருகிறது. ஆனால் வேலையை இன்னொருவர் செய்தாலும் பொறுப்பு இடம் பெயர்வதில்லை. போடுவதையும் பேணுவதையும் ஒரே வாக்கியத்தில், ஒரே அதிகாரத்தின்மேல் ஏற்றிவைத்த அத்தெளிவு, நூறு ஆண்டுகளாக ராஜாங்கமும் ஸ்தல ஸ்தாபனமும் ஒன்றன் தலையில் ஒன்று சாலையைத் தள்ளிக்கொண்டிருந்த வழக்கத்துக்கு ஒரு முடிவு கட்டியது. சட்டம் இயற்றியவர்களின் அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன்.

பெருநகரின் சாலையோ அச்சட்டத்துக்கு உட்பட்டதன்று. சென்னை மாகாணத்தில் 1946இல் நெடுஞ்சாலைகளுக்கென்று தனித் துறை உருவாயிற்று. 1958ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்தை ஒட்டி ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டபோது, அவற்றின் சாலைகள் அத்துறையிடம் சென்றன. காஞ்சிபுரம் - வந்தவாசிச் சாலை இன்று மாநில நெடுஞ்சாலை வரிசையில் 116ஆம் எண்ணோடு நிற்கிறது. காஞ்சிக்கு வடக்கே ஓடும் சென்னை - பெங்களூர்ச் சாலையின் கல்லுக்கு மஞ்சள் தலை, பெருநகர்க் கல்லுக்குப் பச்சைத் தலை, ஜில்லா சாலையில் வெறும் வெள்ளையும் கறுப்பும் என்ற நிறவேறுபாடு, கிராமத்தார் பலருக்கு வழியை மட்டுமே சொல்கிறது. குழி விழுந்தால் எந்த அலுவலகத்துக்கு மனு எழுத வேண்டும் என்பதையும் அந்த நிறம் சொல்கிறது என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

விடுதலையின்போது ஏறத்தாழ 21,000 கிலோமீட்டராக இருந்த தேசிய நெடுஞ்சாலைகள் இன்று 1,46,000 கிலோமீட்டரைத் தாண்டி நீண்டிருக்கின்றன. இவ்வளவு வளர்ச்சிக்கு 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய நெடுஞ்சாலை ஆணையமும், தங்க நாற்கரத் திட்டமும் காரணம் என்பதை மறுப்பது நன்றியின்மையாகும். தொடக்கத்தில் ஓடத்துறை, பாலம் முதலியவற்றுக்கு மட்டுமே கட்டணம் வாங்க இடம் தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம், 1990களில் திருத்தப்பட்டு, சாலைப் பகுதிகளுக்கே கட்டணம் வாங்கவும், தனியாரோடு ஒப்பந்தம் செய்யவும் வழிவிட்டது. 1931இல் அகன்ற குறுக்கு மரம், இவ்வாறு, டோல்கேட் என்ற பெயரோடு திரும்பி வந்தது. கட்டணம் வாங்குவது அநீதி என்று நான் வாதிக்க வரவில்லை. ஆனால் கட்டணம் வாங்கும் கைக்குப் பராமரிக்கும் கடமை மும்மடங்காகிறது. சென்னை மதுரவாயலிலிருந்து வாலாஜா வரையிலான பகுதி நெடுநாள் சீர்கெட்டுக் கிடந்தபோது, அதைச் செப்பனிடும் வரை அங்குள்ள இரு சுங்கச்சாவடிகளில் பாதிக் கட்டணமே வசூலிக்க வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2020 டிசம்பரில் உத்தரவிட்டது. காஞ்சி ஜில்லாவாசிகள் அன்றாடம் போய்வரும் சாலை அது. ஐந்தாம் பிரிவின் உட்கிடை இன்னதென்று எளியவரும் உணரும்படி சொன்ன தீர்ப்பு என்றே அதைக் கருதுகிறேன்.

பராமரிப்பு என்பது சட்டப்பிரிவிலோ தீர்ப்பிலோ முடிந்துவிடுவதன்று. இறுதியில் அது மண்வெட்டி பிடித்த ஒரு மனிதனின் வேலை. ஐப்பசி மழைக்கு முன் சிறுபாலங்களின் கண்களில் அடைத்துக் கிடக்கும் மண்ணையும் சருகையும் வாரி எடுப்பவன், தார் விளிம்பை ஒட்டி இறங்கிப்போன சாலையோர மண்ணை நிரவுபவன், வளைவை மறைக்கும் சீமைக்கருவேலை வெட்டுபவன், சிறு குழியைச் சிறிதாய் இருக்கும்போதே அடைப்பவன் ஆகிய சாலைப் பணியாளனே அவன். 1997இல் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 10,000 பேர் இவ்வேலையில் அமர்த்தப்பட்டு, 2002 செப்டம்பரில் ஒருசேர நீக்கப்பட்டு, நெடும் போராட்டத்துக்குப்பின் 2006இல் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர். இடைப்பட்ட ஆண்டுகளில் அக்குடும்பங்கள் பட்ட பாட்டை எண்ணும்போது மனம் கனக்கிறது. அவர்களின் சம்பளத்தை வீண் செலவு என்று எண்ணிய கணக்கு, அடைபட்ட ஒரு மதகினால் அரித்துப்போகும் சாலையின் விலையைச் சேர்க்காத கணக்கு. புதிய சாலைக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. தூர்வாரிய மதகுக்கு அவை இல்லாமையால்தான், போடும் பணத்தைத் தேடித் தரும் அரசுகள் பேணும் பணத்தை முதலில் குறைக்கின்றன. எந்தக் கட்சி ஆண்டாலும் இக்குறை தொடர்ந்து வந்திருக்கிறது.

2000 டிசம்பரில் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. சாலையைப் போடும் ஒப்பந்தக்காரரே ஐந்தாண்டு அதைப் பேண வேண்டும். முதலாம் ஆண்டுக்கு இவ்வளவு, இரண்டாம் ஆண்டுக்கு இவ்வளவு என்று பராமரிப்புத் தொகையை ஊர் முகப்பில் பலகை நாட்டித் தமிழில் எழுதிவைக்க வேண்டும். சில மைல் நீளமே உள்ள கிளைச்சாலைக்கு இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லக்கூடிய கணக்கை, பச்சைத் தலைக் கல் நிற்கும் பெருநகர்ச் சாலைக்கும், மஞ்சள் தலைக் கல் நிற்கும் பெங்களூர்ச் சாலைக்கும், அவை கடக்கும் ஒவ்வோர் ஊரின் முகப்பிலும் எழுதிவைப்பதற்கு என்ன தடை? சென்ற ஆண்டு இவ்வூர் எல்லைக்குள் பராமரிப்புக்கு ஒதுக்கியது எவ்வளவு, செலவிட்டது எவ்வளவு, மதகுகள் எத்தனை தூர்வாரப்பட்டன, பொறுப்பான பொறியாளரின் அலுவலகம் எது என்ற நான்கு வரிகள் போதும். இதற்குப் புதிய சட்டமோ, சட்டத் திருத்தமோ தேவையில்லை. இரண்டு அரசுகளின் நெடுஞ்சாலைத் துறைகளும் ஆளுக்கொரு சுற்றறிக்கை அனுப்பினால், வரும் ஐப்பசிக்குள் முடிந்துவிடும் வேலை.